நிலத்தை விற்பதற்கு முன் ஒரு வாரம்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 41. இரண்டரை வருடத்துக்கு முன்பு பைக்கில் போகும்போது வேன் மோதிவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்து, பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் பாதத்தின் மேல்பக்கம் தணலில் வைத்த மாதிரி எரிகிறதாம். போர்வை பட்டால், ஃபேன் காற்று பட்டால்கூடத் துடிக்கிறார். பகலெல்லாம் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிரீகாபலின் 75 காலை, இரவு, டிராமடால், டைக்ளோஃபினாக் எல்லாம் சாப்பிடுகிறார். முதுகுத்தண்டில் கரண்ட் கொடுக்கும் கருவி வைத்தால் சரியாகும், ஒன்பது லட்சம் ஆகும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்கிறார்கள். இருக்கிற ஒரு ஏக்கரை விற்றால்தான் முடியும். சொந்தக்காரர்கள், எல்லாம் மனசுதான் என்கிறார்கள். நெட்டில் பார்த்தால் இந்தக் கருவியே ஏமாற்று என்கிறார்கள். அன்று பின்னால் உட்கார்ந்து வந்த என் கொழுந்தனாருக்கு இடது கை முழுவதும் விழுந்துவிட்டது. அந்தக் கையிலேயே ஷாக் அடிப்பது போல வலி. அவருக்கும் இதே கருவி வைக்கலாமா? விபத்து வழக்கு இன்னும் கோர்ட்டில் இருக்கிறது. என் ஏழு வயது மகள் அப்பா பக்கத்தில் போகவே பயப்படுகிறாள்.

நாமக்கல் மாவட்ட வாசகி

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் உங்களுக்குத் தேவையான பதிலைச் சொல்லிவிடுகிறேன். நிலத்தை இப்போது விற்காதீர்கள். அந்தக் கருவி ஏமாற்று இல்லை. உங்கள் கணவருக்கு இருப்பது அது ஓரளவு நன்றாகவே வேலை செய்யும் வகை வலிதான். ஆனால் அதை நிரந்தரமாக வைப்பதற்கு முன்னால் ஒரு வாரம் தற்காலிகமாக வைத்துப் பார்க்கும் சோதனை உண்டு. அது முடியும்வரை யாரும், அந்த மருத்துவமனை உட்பட, இவருக்குச் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. கொழுந்தனாருக்கு இது சரிவராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். ஒரே வண்டி, ஒரே விபத்து, ஆனால் இரண்டு பேருக்கும் நரம்பு அடிபட்ட இடம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மனசுதான் காரணம் என்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்லுங்கள். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடி பட்ட சிப்பாய்களை ஃபிலடெல்ஃபியாவில் வியர் மிட்செல் என்ற டாக்டர் கவனித்துவந்தார். காயம் ஆறிய பிறகும் சிலருக்குக் கையோ காலோ எரிந்துகொண்டே இருந்தது. காற்றையும் துணியையும் தாங்க முடியாமல் அவர்கள் ஈரத் துணியைச் சுற்றிவைத்துக்கொண்டார்கள், பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். மிட்செல் அதையெல்லாம் எழுதிவைத்து, எரிச்சல் வலி என்று பொருள்படும்படி 'காசால்ஜியா' என்று பெயரிட்டார். 150 வருடத்துக்கு முந்தைய அந்தச் சிப்பாய்கள் செய்ததையே, அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல், உங்கள் வீட்டுத் திண்ணையில் உங்கள் கணவர் ஈரத் துண்டோடு செய்துகொண்டிருக்கிறார். கற்பனையில் வருகிற வலி இப்படி ஆளுக்கு ஆள் ஒரே மாதிரி வராது. இன்று இதை சி.ஆர்.பி.எஸ். (காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்) என்கிறோம். நரம்பு அடிபட்டதற்குத் தெளிவான ஆதாரம் இருந்தால் அதன் இரண்டாம் வகை.

சரி, காலில் என்ன நடந்திருக்கும்? முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கம் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்தின் மேல்பக்கத்துக்குப் போகும் நரம்பு அந்த எலும்பைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அங்கே எலும்பு உடைந்தால் அந்த நரம்பு தப்புவது கடினம். நடக்கும்போது அவருடைய பாதம் தொங்கி, கட்டைவிரல் தரையில் தட்டுகிறதா என்று பாருங்கள். அந்தக் காலில் நிறம் மாறுவது, மற்றக் காலைவிடச் சூடாகவோ ஜில்லென்றோ இருப்பது, வியர்வை கூடுவது, நகமும் முடியும் வேறு மாதிரி வளர்வது, இவை இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அடிபட்ட நரம்பு ஓயாமல் தவறான செய்தி அனுப்ப, அதைக் கேட்டுக் கேட்டுத் தண்டுவடத்துச் செல்களே சின்னத் தொடுதலையும் வலியாகப் படிக்கப் பழகிவிடுகின்றன. போர்வை நெருப்பாகத் தெரிவது அதனால்தான்.

கருவி நுழைவது இந்த இடத்தில். சிறுபிள்ளை எங்கேயாவது இடித்துக்கொண்டு அழுதால் பாட்டி அந்த இடத்தைத் தேய்த்துவிடுவாள், வலி கொஞ்சம் அடங்கும். தொடுதலைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் வேலை செய்தால், வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளுக்குத் தண்டுவடத்தில் ஒரு கதவு சாத்தப்படுகிறது என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965இல் ஒரு கோட்பாடு சொன்னார்கள். இரண்டே வருடத்தில், 1967இல், நார்மன் ஷீலி என்ற நரம்பியல் அறுவை நிபுணர் தண்டுவடத்தின் பின்பக்கத்தில் மின்முனை வைத்து, அந்தத் தொடு இழைகளை நேராகத் தூண்டிப் பார்த்தார். இன்றைய ஸ்பைனல் கார்டு ஸ்டிமுலேட்டர் அங்கிருந்து வளர்ந்ததுதான். முதல் கோட்பாட்டில் பிறகு பல திருத்தங்கள் வந்துவிட்டன. குறுகுறுப்பே தெரியாமல் வேலை செய்யும் அதிவேக மின்துடிப்புக் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் ஒன்று மாறவில்லை. இது அடிபட்ட நரம்பைச் சரிசெய்வதில்லை, வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது. தொங்கும் பாதம் இதனால் தூக்காது. முடங்கிப்போனவர்கள் எழுந்து நடக்கிற வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அவை வேறொரு ஆராய்ச்சி, அதை இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

வலி எவ்வளவு குறையும்? இந்த வலிக்கே நெதர்லாந்தில் ஒரு நல்ல ஆய்வு நடந்தது, 2000இல் வெளியானது. மொத்தம் 54 பேர். அதில் 36 பேருக்குக் கருவியும் பிசியோதெரபியும், மீதிப் பேருக்கு பிசியோதெரபி மட்டும். 36 பேரில் முதல் சோதனையில் தேறி நிரந்தரக் கருவி பெற்றவர்கள் 24 பேர்தான். ஆறு மாதத்தில் கருவிக் குழுவின் வலி, பத்துக்குச் சராசரியாக 2.4 குறைந்திருந்தது. மற்றவர்களுக்குக் குறையவே இல்லை. அதே சமயம் கை கால் செயல்பாட்டில் முன்னேற்றம் இல்லை, அந்த 24 பேரில் ஆறு பேருக்குச் சிக்கல் வந்து மறுபடி ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு குழுவுக்கும் இருந்த வித்தியாசம் தேய்ந்திருந்தது. ஆனாலும் கருவி வைத்துக்கொண்டவர்களில் 95 சதவீதம் பேர், இதே பலன்தான் கிடைக்கும் என்றாலும் மறுபடி வைத்துக்கொள்வோம் என்றார்கள். நான் இந்த ஆய்வைத் திரும்பத் திரும்ப நோயாளிகளுக்குச் சொல்வதற்குக் காரணமே அதுதான். பாதி வலி குறைந்து ராத்திரி தூக்கம் வந்தாலே போதும் என்று தவிப்பவர்களுக்கு 2.4 என்பது சின்ன எண் இல்லை.

நீங்கள் நெட்டில் பார்த்தது அநேகமாக நார்வேயில் நடந்து 2022இல் வந்த ஆய்வாக இருக்கும். அல்லது மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பு. நார்வேயில் 50 பேருக்குக் கருவியை வைத்து, சில மாதங்கள் இயக்கியும் சில மாதங்கள் அவர்களுக்குத் தெரியாமல் நிறுத்தியும் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, இந்தத் துறையில் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அவர்கள் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு வலி நீடித்தவர்கள். காக்ரேன் தொகுப்பும் இடுப்பு வலியைப் பற்றியது. உங்கள் கணவருடையது காலில் ஒரு நரம்பு அடிபட்டு வந்த எரிச்சல். இரண்டையும் ஒன்றாக்கிப் பேச முடியாது.

கருவிக்குப் போவதற்கு முன் எனக்கு உறுத்துவது மாத்திரைச் சீட்டு. பிரீகாபலின் 75, இரண்டு வேளை என்பது ஆரம்ப அளவு. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் சரியாக இருந்தால் அதைப் படிப்படியாக ஏற்ற இடம் இருக்கிறது. அமிட்ரிப்டிலின், டூலாக்செட்டின் போன்ற நரம்பு வலிக்கான மற்ற மருந்துகளை முயன்றதாக நீங்கள் எழுதவில்லை. டிராமடாலோடு அவற்றைச் சேர்ப்பதில் ஆபத்து உண்டு, எனவே டாக்டர்தான் பார்த்து மாற்ற வேண்டும். நீங்களாக எதையும் கூட்டவோ திடீரென்று நிறுத்தவோ வேண்டாம். டைக்ளோஃபினாக் இந்த வகை எரிச்சலுக்குப் பெரிதாக உதவாது, இத்தனை நாள் விடாமல் சாப்பிட்டால் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, அது தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். எந்தச் சிகிச்சையை அரசு மருத்துவத்தில் தரலாம் என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008இல் இந்தக் கருவிக்கு ஒப்புதல் கொடுத்தபோதே, மற்ற சிகிச்சைகளை முறையாகச் செய்தும் ஆறு மாதத்துக்கு மேல் வலி நூற்றுக்கு ஐம்பதாவது இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தது. இரண்டரை வருடம் என்பது காலக்கணக்கில் தாராளமாகப் போதும். முறையாகச் செய்தார்களா என்பதுதான் என் சந்தேகம்.

அதேபோல அந்த நரம்பை யாராவது பார்த்தார்களா? தழும்பிலோ பிளேட்டின் ஓரத்திலோ அது சிக்கியிருந்தால், அந்த எலும்பு முண்டைத் தட்டும்போது பாதம்வரை சுருக்கென்று ஓடும். நரம்பு மின்னோட்டப் பரிசோதனையும் அந்த இடத்தில் ஒரு ஸ்கேனும் போதும். சிக்கியிருந்தால் அதை விடுவிக்கும் ஆபரேஷனிலேயே சிலருக்கு வலி நன்றாகக் குறைகிறது, செலவும் ஒன்பது லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

இதெல்லாம் பார்த்தும் வலி நிற்கவில்லை என்றால் அப்புறம் சோதனைக்குப் போங்கள். குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே, முதுகெலும்புக்கும் தண்டுவடத்தின் உறைக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் மெல்லிய வயரைச் செலுத்துவார்கள். பெரும்பாலும் ஆள் விழித்தே இருப்பார், ஏனென்றால் குறுகுறுப்பு எங்கே தெரிகிறது என்று அவர்தான் சொல்ல வேண்டும். எரிகிற இடத்தின் மேலேயே அது வந்து படியும்வரை வயரை நகர்த்துவார்கள். மறுமுனை முதுகுத் தோல் வழியாக வெளியே வந்து ஒரு சின்னப் பெட்டியில் சேரும். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஐந்து நாள், ஏழு நாள் இருப்பார். அந்த நாட்களில் குளியல் கிடையாது, துடைத்துவிட வேண்டியதுதான். குனிந்து திரும்பினால் வயர் நகர்ந்துவிடும். காய்ச்சல் வந்தாலோ, கால் திடீரென்று பலமிழந்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டுவதோ சீழ் பிடிப்பதோ அரிது, ஆனால் வந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எதுவும் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்த ஒரு வாரத்தை எப்படிப் பார்ப்பது என்பதில் நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். இந்த வேலைக்கு வந்த புதிதில், சோதனை முடிந்ததும் வலி எத்தனை சதவீதம் குறைந்தது என்று மட்டும் கேட்பேன். ஒருவர் அறுபது என்றார். ஐம்பதுக்கு மேல் என்பதால் நிரந்தரக் கருவி வைத்தோம். ஒரு வருடம் கழித்து வந்தபோது கருவி அணைந்து கிடந்தது. விசாரித்தால், அந்தச் சோதனை வாரத்திலும் அவர் கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை. இவ்வளவு செலவு செய்கிறார்களே, குறையவில்லை என்று எப்படிச் சொல்வது என்று நினைத்து ஒரு எண்ணைச் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டில் யாரிடமும் நான் கேட்டிருக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது. அதற்குப் பிறகு சோதனைக்கு முந்தைய வாரமே, குடும்பத்தையும் வைத்துக்கொண்டு, என்னென்ன செய்து பார்க்கப்போகிறோம் என்று எழுதிவிடுகிறேன். நீங்களும் எழுதுங்கள். ராத்திரி எத்தனை முறை எழுந்தார், செருப்புப் போட முடிந்ததா, தெருமுனைக் கடைவரை நடந்தாரா, ஈரத் துண்டு இல்லாமல் எவ்வளவு நேரம் இருந்தார் என்று முந்தைய வாரமும் சோதனை வாரமும் ஒரே நோட்டில் குறித்துவையுங்கள். வலியும் பாதியாகி, அந்த நோட்டும் மாறியிருந்தால் நிரந்தரக் கருவியைப் பற்றிப் பேசலாம். எண் மட்டும் குறைந்து நோட்டு அப்படியே இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வயரை உருவி எடுத்துவிட்டால் அதோடு முடிந்தது, பெரிதாக எதையும் இழக்கவில்லை.

சோதனையே இல்லாமல் நேராக நிரந்தரக் கருவி வைக்கிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் சோதனை செய்யுங்கள் என்று மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ.வே 2020இல் டாக்டர்களுக்குக் கடிதம் எழுதி நினைவூட்ட வேண்டியிருந்தது. கருவிக்கு முன் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால் அதற்காகக் கோபப்பட வேண்டாம். வலி பொய் என்பதற்காக அனுப்புவதில்லை. இரண்டரை வருடம் தூங்காதவருக்கு மனச்சோர்வு இருந்தால் அதையும் கூடவே கவனித்தால்தான் கருவி பலன் தரும்.

நிரந்தரக் கருவி என்றால், பேஸ்மேக்கர் மாதிரி ஒரு பேட்டரியை இடுப்புக்குக் கீழே தோலுக்கடியில் புதைப்பார்கள். சார்ஜ் செய்ய முடியாத பேட்டரி சில வருடங்களில் தீர்ந்துவிடும், அதை மாற்ற மறுபடி ஆபரேஷன். சார்ஜ் செய்யும் வகை பத்து வருடம்வரை கூட வரும், விலை அதிகம். அடிக்கடி வரும் தொந்தரவு வயர் நகர்வது. குறுகுறுப்பு பாதத்தை விட்டுத் தொடைக்குப் போய்விடும், திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும். கிருமித் தொற்று வந்தால் பல சமயம் கருவியையே எடுக்க நேரிடும், அதனால் சர்க்கரை இருந்தால் முதலில் அதைக் கட்டுப்படுத்துங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க ஏற்ற மாடலா என்று இப்போதே கேளுங்கள். இன்னொன்றைக் கொட்டை எழுத்தில் எழுதி வீட்டில் ஒட்டிவையுங்கள்: கருவி வைத்த உடம்பில் டயாதெர்மி கூடாது. நம் ஊர் பிசியோதெரபி நிலையங்களில் முதுகு வலி, முட்டி வலி என்று போனால் சர்வ சாதாரணமாக வைக்கும் சூடு அது. வயரின் நுனி சூடேறித் தண்டுவடத்தையே சுட்டுவிடலாம்.

பணத்துக்கு வருகிறேன். சோதனைக்கு எவ்வளவு, நிரந்தரக் கருவிக்கு எவ்வளவு, சோதனை தேறாவிட்டால் எது திரும்பக் கிடைக்கும், பேட்டரி எந்த வகை, எத்தனை வருட உத்தரவாதம், வயர் நகர்ந்தால் யார் செலவு என்று எல்லாவற்றையும் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். ஒன்பது லட்சம் என்று மொத்தமாகச் சொல்வதை ஏற்காதீர்கள். இரண்டாவது கருத்துக்கு, நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை உள்ள ஒரு அரசு மருத்துவக் கல்லூரிக்கு எல்லா ஃபிலிமையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்த அளவுக்கு உதவும் என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவிலேயே கேட்கலாம். வழக்கு நிலுவையில் இருப்பது உங்களுக்குச் சாதகம். விபத்து இழப்பீட்டில் எதிர்கால மருத்துவச் செலவையும் கேட்க முடியும். சி.ஆர்.பி.எஸ். என்ற நோய்ப் பெயர், தேவைப்படும் சிகிச்சை, பேட்டரி மாற்றும் செலவு எல்லாம் அடங்கிய சான்றிதழை டாக்டரிடம் வாங்கி, தீர்ப்பு வருவதற்குள் வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். எலும்பு கூடிவிட்டது என்று மட்டும் எழுதிய டிஸ்சார்ஜ் காகிதத்தை வைத்து வழக்கு முடிந்துவிட்டால் பெரிய நஷ்டம்.

உங்கள் கொழுந்தனார் விஷயம் வேறு. பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டுத் தோள் தரையில் மோதும்போது, கழுத்திலிருந்து கைக்கு வரும் ஐந்து நரம்பு வேர்கள் இழுபடுகின்றன. அவை வெளியே அறுந்திருந்தால் ஒரு விதம். தண்டுவடத்திலிருந்தே நாற்றைப் பிடுங்கியது போலப் பிடுங்கி வந்திருந்தால் வேறு விதம். ஓயாத எரிச்சலுக்கு நடுவே சில நொடிகள் ஷாக் அடித்துப் போவது இரண்டாவதன் அடையாளம். அதே பக்கத்துக் கண் இமை லேசாகச் சரிந்து, கண்மணி சிறுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். கழுத்து எம்.ஆர்.ஐ. உறுதிப்படுத்தும். கருவி தூண்டுகிற தொடு இழைகள் அந்த வேர்களின் தொடர்ச்சிதான். வேர் பிடுங்கப்பட்டால் தண்டுவடத்துக்குள் இருக்கிற அந்த இழைகளும் பட்டுப்போகின்றன. தூண்டுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை, அதனால்தான் கருவி அவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம் தருகிறது.

ஆனால் அவருக்கு வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். வேர் நுழைந்த இடத்தில் வரத்து நின்றுபோன செல்கள் தாமாகத் துடித்து வலியை உண்டாக்குகின்றன. மைக்ராஸ்கோப்பில் பார்த்து அந்த இடத்தை மட்டும் சுட்டுவிடும் ஆபரேஷன் இருக்கிறது, 'டிரெஸ்' என்பார்கள். 1970களில் ஃபிரான்சில் சின்டூ, அமெரிக்காவில் நாஷோல்ட் என்ற நரம்பியல் அறுவை நிபுணர்கள் வளர்த்தெடுத்தது. இந்த வலிக்கு நன்றாகப் பலன் தருகிறது, விபத்து நடந்து வருடக்கணக்கில் ஆனாலும் செய்யலாம். பக்கத்திலேயே காலுக்குப் போகும் பாதைகள் ஓடுவதால் அந்தப் பக்கத்துக் காலில் பலவீனம் வரும் ஆபத்து உண்டு. எனவே இதில் பழகிய நரம்பியல் அறுவை நிபுணரிடம் மட்டுமே போக வேண்டும். கை அசைவு இதனால் திரும்பாது, நரம்பை ஒட்டுவதற்கான முதல் சில மாதங்கள் கடந்துவிட்டன. வலி தாங்காமல் கையையே எடுத்துவிடுங்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. அவரும் கேட்டால் தடுத்துவிடுங்கள். வலி உற்பத்தியாவது கையில் இல்லை, கையை எடுத்தாலும் இருக்கும்.

கடைசியாக உங்கள் மகள். அவள் பயப்படுவது அப்பாவின் கத்தலுக்கு, அப்பாவுக்கு இல்லை. அப்பாவின் வலது பாதத்தில் மட்டும்தான் வலி, இடது பக்கம் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்குச் சொல்லி, சாப்பாட்டு நேரத்தில் இடது பக்கமாக உட்கார வையுங்கள். ஈரத் துண்டு இருக்கட்டும், ஆனால் விரலிடுக்கு ஊறிப் புண்ணாகாமல் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துக் காய விடுங்கள். ஐஸ் மட்டும் வேண்டாம். தினமும் இரண்டு வேளை, ஐந்து நிமிடம், எரிச்சல் தொடங்குகிற எல்லைக்கு வெளியே, வலிக்காத தோலில் பழைய வேட்டித் துணியால் மெல்லத் தடவத் தொடங்குங்கள். வாரத்துக்கு ஒரு விரல்கடை அளவு உள்ளே நகரலாம், அவர் போதும் என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். முதல் மாதம் அவரே தடவிக்கொள்ளட்டும். தொடுவது எப்போது, எங்கே என்று முன்கூட்டித் தெரிந்தால் அவருக்கும் பதற்றம் குறையும். அது பழகிய பிறகு, அவருக்குச் சம்மதம் என்றால், அந்தத் துணியை மகளிடம் கொடுங்கள்.